காற்றுக்கு இழைக்கும் தீங்கு
(பகவான் மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரை)



நிலம், நீர், தீ, காற்று, தாவரம் ஆகியவற்றை உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்கள் உண்டென்பது நாம் இளமையிலேயே கேட்டறிந்தது. இவற்றுள் காற்றுடல் உயிரை மட்டும் எளிதில் மறந்துவிடுகிறோம். இரவில் உண்பதில்லை, நீரைத் துணியால் வடிகட்டிப் பருகுகிறோம். புகையை மட்டும் தடையின்றி வெளியே விடுகிறோம். அது மக்களுயிரிடமே திரும்பி வருவதற்கு ஒரு சான்று கூற விழைகிறேன்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கு ஒன்றுள்ளது. அங்கே ஓர் எஃகு ஆலை இயங்கிவந்தது. குளிர்காலத்தில் மேலே வெப்பக் காற்று மூடிபோல் படிய, கீழுள்ள குளிர்ந்த காற்று அசையாது தேங்கும். ஆலைப் புகையும் உடன் தேங்கும். தொழில் தகராறால் 1986 ஆகஸ்டில் மூடப்பெற்ற அவ்வாலை 1987 செப்டம்பரில்தான் மீண்டும் இயங்கியது. இடைப்பட்ட 13 மாதங்களும் எவரும் திட்டமிடாது நேர்ந்த ஒரு சோதனை. ஆர்டன் போப் என்னும் பொருளியல் பேராசிரியர் அவ்வட்டார மருத்துவமனைப் பதிவுகளை எண்ணிப் பார்த்து வெளியிட்டார். மூச்சுக்குழல் அழற்சியாலும் ஆஸ்துமாவாலும் அனுமதிக்கப்பெற்ற, பள்ளிப் பருவம் எய்தாக் குழந்தைகளின் எண்ணிக்கை, ஆலை மூடியிருந்த காலத்தினும் ஓடிய காலத்தில் ஏறத்தாழ இரு மடங்கு. நாளொன்றின் நுண்துகள் அளவு கனமீட்டருக்கு 150 மைக்ரோகிராமைக் கடந்த மாதங்களில், குழந்தைகளின் அனுமதி மும்மடங்கை நெருங்கியது. பெரியவர்களுடையது 44 விழுக்காடு கூடியது.

இதில் என் நெஞ்சை உறுத்திய செய்தி வேறு. அப்பள்ளத்தாக்கினருள் பெரும்பாலோர் மார்மோன் சமயத்தார்; புகைபிடித்தலை விலக்கியவர்கள். விரதம் காக்கும் நம்மை ஒத்தவர்கள் எனலாம். ஆதலின் பழியைப் புகையிலைமேல் ஏற்ற வழியில்லை. தம்மளவில் தூயராய் வாழ்ந்தோர் வீட்டுக் குழந்தைகளே கட்டிலில் கிடந்தனர். ஆலையும் தீய எண்ணத்தால் இயங்கியதன்று; பல குடும்பங்களுக்குச் சோறளித்தது. அது நின்றபோது வருவாயும் நின்றது. இதனை மறைத்துப் பேசுதல் முறையாகாது.

இனி நம் பக்கம் வருவோம். சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், நிலம், நீர், தீ, காற்று இவற்றைப் பயனின்றி வருத்துவதை அநர்த்த தண்டத்துள் வைக்கிறார். பயன் கருதிய தொழிலுக்கு இல்லறத்தார்க்கு இடமுண்டு. பயனற்ற தீங்குக்கு இல்லை. நம்முள் அரிசி ஆலை நடத்துவோர் உளர். புகைபோக்கியில் தூசு தடுக்கும் கருவி பொருத்தச் செலவாகுமே என்னும் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆயினும் அரிசிதான் பயனுடையது. பக்கத்துத் தெருவில் படியும் உமிச் சாம்பலால் யாருக்கு என்ன பயன்?

தீபாவளி, மகாவீரர் வீடுபேறு எய்திய நாள். விளக்கேற்ற வேண்டிய அந்நாளில் நம் வாசல்களிலும் பட்டாசுப் புகை சூழ்கிறது. பிறரைக் குறை கூறவில்லை. சென்ற ஆண்டு என் பேரனுக்கு வாங்கித் தந்ததும் நானே. இவ்வாண்டு ஜினாலயத்தில் விளக்கு வரிசை ஏற்றும் பணியை அவனுக்கும் அவன் தோழர்களுக்கும் தருமாறு அறக்கட்டளையாரிடம் கேட்டிருக்கிறேன்.