அப்பா எங்கே என்று கேட்காதீர்கள்



இந்த வாசகர் வட்ட மேடையில் எனக்குக் கொடுத்த தலைப்பு 'கம்பனில் பெண்மை'. கம்பன் எங்கே நிறுத்தினான்? பட்டாபிஷேகத்தோடு நிறுத்தினான். அதற்கப்புறம் வருகிற உத்தரகாண்டத்தை அவன் தொடவில்லை. ஒட்டக்கூத்தர் பாடினார் என்று சொல்வார்கள். கர்ப்பிணியான சீதையைக் கொண்டுபோய்க் காட்டில் விட்டதும், அவள் முனிவர் குடிலில் இரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்த்ததும் அந்தக் காண்டத்தில்தான் வருகிறது. அசோகவனத்துச் சீதைக்கு நம் ஊரில் எத்தனை பட்டிமன்றம்! பிள்ளைகளோடு தனியாக வாழ்ந்த சீதைக்கு எத்தனை மேடை? அதனால் இன்றைக்கு நான் அவளைப் பற்றித்தான் பேசப்போகிறேன். (கைதட்டல் இருக்கட்டும், வேறோர் அம்மாவுக்காகக் கேட்டு வாங்கப்போகிறேன்.)

அப்படியொரு சீதையாக நம் மாவட்டத்துக்கு ஒரு பெண் வந்தாள். பெயர் சொல்லமாட்டேன். எந்த ஊரிலிருந்து வந்தாள், எங்கே குடியிருக்கிறாள், எதுவும் சொல்லமாட்டேன். சொன்னால் அவள் புருஷன் வந்து நிற்பான். கல்யாணமாகிப் பத்து வருஷம் அடி. கடைசியில் பிள்ளை மேலும் கை விழுந்தது. அன்றைக்குத்தான் கிளம்பினாள். விடியற்காலையில் மகளிர் இலவசப் பேருந்தில் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துவிட்டாள். ஊர்விட்டு ஊர் போகிற வண்டிக்கு டிக்கெட் எடுக்கணுமே? காதில் கிடந்ததை விற்று எடுத்தாள். கையில் ஒரு கட்டைப்பை, பிள்ளை முதுகில் பள்ளிக்கூடப் பை. அவ்வளவுதான் சாமான்.

இங்கே வந்து பிள்ளையைச் சேர்க்க ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். என்ன கேட்டார்கள்? "டி.சி. எங்கே? அப்பா எங்கே? அப்பா கையெழுத்துப் போடாமல் எப்படிம்மா?" மூன்றாம் வகுப்புப் பிள்ளையை வைத்துக்கொண்டு கேட்டார்கள்! எதற்கு ஓடிவந்தோம் என்று அவள் அங்கே, கிளார்க்கும் பியூனும் பார்க்க, சட்டையை விலக்கித் தழும்பு காட்டணுமா?

அடுத்த பள்ளிக்கூடம் போனாள். அது அரசுப் பள்ளி. அங்கே ஒரு தலைமையாசிரியை அம்மா. அந்த அம்மா முதலில் பிள்ளையைப் பார்த்து, "சாப்பிட்டியாடா?" என்று கேட்டார். சத்துணவில் உட்காரவைத்தார். அப்புறம் அட்மிஷன் ரிஜிஸ்டரை எடுத்தார். டி.சி. கேட்கவில்லை. இதற்குத் தட்டுங்கள் கையை!

அந்த அம்மா கருணையால் மட்டும் செய்யவில்லை, தோழர்களே. சட்டம் படித்திருந்தார். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம், ஐந்தாவது பிரிவு. ஆறு வயதிலிருந்து பதினாலு வயது வரை எந்தப் பிள்ளையும் ஊர் மாறி அரசுப் பள்ளிக்கோ உதவி பெறும் பள்ளிக்கோ வரலாம். பழைய பள்ளி உடனே டி.சி. தரவேண்டும். தாமதித்தால் தலைமையாசிரியர் மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். டி.சி. வரத் தாமதமானால், அதைச் சொல்லிப் புதுப்பள்ளி சேர்க்கையை மறுக்கவும் கூடாது. பழைய பள்ளி கம்ப்யூட்டரில் பிள்ளையின் பெயரை 'காமன் பூலு'க்கு, அதாவது புதுப்பள்ளி எடுத்துக்கொள்ளும் பொதுப் பட்டியலுக்கு, விடவில்லை என்றால், அதை வாங்குகிற வேலை அதிகாரிகளுடையது. அதற்காகப் பிள்ளை வாசலில் நிற்கக்கூடாது.

சட்டம் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. அண்மையில் ஒரு டி.வி. விவாதத்தில் ஒரு பெரிய மனிதர் உட்கார்ந்து சொல்கிறார்: "சட்டமெல்லாம் பெண்கள் பக்கம். ஒரு புகார் கொடுத்தால் போதும், குடும்பமே ஜெயில்."  ஐயா, 2014-லேயே அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, மனைவியைக் கொடுமைப்படுத்தியதற்கான அன்றைய 498ஏ பிரிவில் புகார் என்றால் எடுத்த எடுப்பில் கைது செய்யக்கூடாது என்று. பத்து வருஷத்துக்கு மேலாயிற்று. அதைப் படிக்காமல் மைக் முன்னால் உட்காரலாமா? தேசியக் குடும்ப நல ஆய்வு ஐந்தாவது சுற்று, தமிழ்நாட்டுக் கணக்கு: திருமணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறையை அனுபவித்தவர்கள். இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற தாய்மார்களில் எத்தனை பேர் என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். ஆனால் அந்தப் பெரிய மனிதர் அடுத்த முறை பேசுமுன் இந்தப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்க்கட்டும். "குடும்பத்தை உடைக்கிறார்கள்" என்கிறாரே, உடைத்தது யார்? அடித்தவனா, அடி வாங்கிக்கொண்டு பிள்ளையைக் காப்பாற்றியவளா? பிள்ளை உயிரோடு, உடம்பில் காயமில்லாமல் பள்ளிக்கூடம் போகிற வீடுதான் ஐயா குடும்பம்!

சட்டம் அவள் பக்கம் என்று அவர் சொன்னதில் ஒரு பாதி நிஜம். சட்டம் இருக்கிறது. 2005-இல் வந்த குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி, அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கிற ஊர் மாஜிஸ்திரேட்டிடமே மனுக் கொடுக்கலாம். பாதுகாப்பு உத்தரவு, செலவுக்குப் பணம், பிள்ளையின் தற்காலிகப் பொறுப்பு எல்லாம் அங்கேயே கேட்கலாம். உத்தரவை மீறினால் ஒரு வருஷம் வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம். 2019-இல் ரூபாலி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம், விரட்டப்பட்ட பெண் அடைக்கலம் புகுந்த ஊரிலேயே 498ஏ புகார் கொடுக்கலாம் என்றது. விவாகரத்துக்கும் அப்படித்தான்: இந்து திருமணச் சட்டத்தில் 2003 திருத்தத்துக்குப் பிறகு மனைவி தான் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். பெண்ணுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. ஒன்று மட்டும் கவனம்: பிள்ளை விஷயத்தில் ஏற்கெனவே கோர்ட் உத்தரவு இருந்தால், வக்கீலைக் கேட்காமல் ஊர் மாறாதீர்கள். உத்தரவு இல்லாத நிலையில் கணவன் ஆட்கொணர்வு மனுப் போட்டாலும், கோர்ட் பார்ப்பது பிள்ளையின் நலன்.

சட்டம் இவ்வளவு இருந்தும் அவள் ஏன் பயப்படுகிறாள்? நம்மால்தான்! மாமா போன் பண்ணுகிறார், சித்தி போன் பண்ணுகிறாள். "பாவம், அவன் அழுகிறான்ப்பா, எங்கே இருக்கிறாள் என்று மட்டும் சொல்லு." சமரசம் பேசக் காரில் வருகிற பெரியவர்கள் விலாசத்தைத்தான் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். பழைய பள்ளிப் பதிவேட்டில் இருப்பது அப்பாவின் போன் நம்பர். ரேஷன் கார்டு அவன் பெயரில். அவள் எந்த ஜன்னலில் போய் நின்றாலும் அவனைக் கூப்பிடச் சொல்கிறார்கள்.

அந்தத் தலைமையாசிரியை அம்மாவிடம் திரும்ப வருகிறேன், விடமுடியவில்லை. இரண்டு மாசம் கழித்து ஓர் ஆள் பள்ளிக்கு வந்தான். கையில் ஸ்வீட் பாக்ஸ். "என் பிள்ளை இங்கே படிக்கிறானாமே?" அந்த அம்மா ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "பிள்ளைகள் விவரம் வெளியாளுக்குச் சொல்வதில்லை. கோர்ட் உத்தரவோடு வாங்க" என்று வாசல் வரை வந்து அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு மகளிர் காவல் நிலையத்துக்கும் போன் பண்ணினார். இந்த ஊரில் சிலை வைக்க நிதி திரட்டுகிறவர்களே, அந்த அம்மா பென்ஷன் வாங்கப்போகிற வயசில் இன்னும் பஸ்ஸில்தான் பள்ளிக்கூடம் போகிறார்!

நான் கேட்பது பெரிதொன்றுமில்லை. ஆசிரியர்களே, டி.சி. இல்லாமல் வருகிற பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அப்பா எங்கே என்று பிள்ளை முன்னால் கேட்காதீர்கள். வீட்டுக்காரர்களே, தனியாக வருகிறவளுக்கு வீடு கொடுங்கள். உறவுக்காரர்களே, விலாசம் கேட்டு யார் அழுதாலும் வாயைத் திறக்காதீர்கள். தாய்மார்களே, பெண்களுக்கு 181, பிள்ளைகளுக்கு 1098. இந்த இரண்டு நம்பரையும் எழுதிக்கொண்டு போங்கள், பக்கத்து வீட்டுக்கும் சொல்லுங்கள்.