‘தொகு’ன்னு ஒரு பொத்தான்

இன்னைக்கு என்னோட ஒரு பழக்கத்தைப் பத்திப் பேசப்போறேன். சிகரெட் இல்ல, ரீல்ஸ் இல்ல. தமிழ் விக்கிப்பீடியா.

திண்டுக்கல் பத்தின ஒரு கட்டுரையில எழுத்துப்பிழை ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. மேலே ‘தொகு’ன்னு ஒரு பொத்தான். அழுத்தினேன், திருத்தினேன், சேமித்தேன். அவ்வளவுதான், உலகத்துல யார் திறந்தாலும் என் திருத்தம் தெரியும். லைக் கிடையாது, ஃபாலோயர் கிடையாது. ஆனாலும் அதுல ஒரு போதை இருக்கு. ‘இன்னும் ஒண்ணே ஒண்ணு’ன்னு சொல்லிச் சொல்லியே ராத்திரி ரெண்டு மணி ஆயிடும்.

இந்தப் பித்து எனக்கு மட்டும் இல்ல. தமிழ் விக்கிப்பீடியா தொடங்கினது 2003ல. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக்கலைஞர் இ. மயூரநாதன், அமீரகத்துல வேலை பார்த்துக்கிட்டே, ஆரம்ப நாட்கள்ல பெரும்பாலும் தனியாளா அதை வளர்த்தார். அவர் எழுதினது 4,000 கட்டுரைகளுக்கும் மேல. 2017ல மொத்தக் கட்டுரைகள் ஒரு லட்சத்தைத் தாண்டிச்சு. எழுதுறவங்க யாருக்கும் சம்பளம் கிடையாது.

ஆனா என்னைப் பிடிச்சு வச்சது ‘சான்று தேவை’ங்கிற ரெண்டு வார்த்தை. எங்க ஊர்ப் பூட்டையே எடுத்துக்குங்க. 2019ல புவிசார் குறியீடு கிடைச்சது. பத்திரிகையில வந்த செய்தி, தாராளமா எழுதலாம். ஆனா நாகல்நகர்ல ஒரு பூட்டுத் தொழிலாளி, மாங்காய்ப் பூட்டுக்குச் சாவியை எப்படி அராவணும்னு ஒரு மணி நேரம் எனக்குச் சொன்னார். அதுல ஒரு வரியைக்கூட எழுத முடியாது. எங்கேயும் பதிப்பாகாத பேச்சு சான்று ஆகாது.

விதி சரிதான். இல்லேன்னா ஆளாளுக்கு அவங்க தாத்தாவை ராஜா ஆக்கிடுவாங்க. ஆனா விலை குறைஞ்ச அலிகார் பூட்டு சந்தையைப் பிடிச்ச பிறகு, எங்க ஊர்ல இந்தத் தொழிலுக்குப் புதுசா வர்றவங்க குறைஞ்சுட்டாங்க. அவர் சொன்ன அந்த ஒரு மணி நேரம் எங்கே போகும்?

அதனால இப்போ என் பழக்கம் கொஞ்சம் மாறியிருக்கு. பூட்டுகளை நானே படம் எடுத்து விக்கிமீடியா பொதுவகத்துல ஏத்துறேன். அதுக்குத் தடை இல்ல. இதழியல் படிக்கிற நண்பர்கள்கிட்ட, ‘அவரைப் பேட்டி எடுங்கப்பா’ன்னு நச்சரிக்கிறேன். நல்ல பத்திரிகையில வந்துட்டா அந்தப் பேச்சே சான்று.

நீங்க எந்த ஊர்ல இருந்து கேட்கிறீங்களோ, அந்த ஊர்க் கட்டுரையைத் திறந்து பாருங்க. எது இருக்கு, எது இல்லைன்னு புரியும். இல்லாததைத் தெரிஞ்ச ஆள் உங்க தெருவுலயே இருக்கலாம். முதல்ல அவர்கிட்ட போய்ப் பேசுங்க. தொகுக்கிறதை ராத்திரி பார்த்துக்கலாம்.