பாட்டோடும் தோரணத்தோடும் ஐப்பசியை வரவேற்போம்

(கொஸ்லந்தப் பகுதித் தோட்டக் குடும்பங்களின் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



இன்று ஞாயிற்றுக்கிழமை. துணி துவைக்க வேண்டும், விறகு பொறுக்க வேண்டும், டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்க வேண்டும். அத்தனை வேலையையும் போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் நான் நீட்டி முழக்கப் போவதில்லை. வரப்போகிற ஐப்பசி மாதத்தை நம் வீட்டில் எப்படி வரவேற்பது என்பதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

குளிர் நாடுகளில் இந்த மாதங்களை இலையுதிர் காலம் என்பார்கள். மரத்து இலையெல்லாம் சிவந்து, மஞ்சளாகி உதிரும். அங்குள்ளவர்கள் அந்த இலைகளையும் பூசணிக்காயையும் வாசலில் வைத்து அலங்காரம் செய்வதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். நமக்கு அப்படி ஒரு காலம் கிடையாது. தேயிலைச் செடி இலையை உதிர்த்துவிட்டுச் சும்மா நிற்காது. ஆனால் பருவம் மாறுவது நமக்கும் தெரியும். ஆடி, ஆவணியில் ஊவா மலையில் கச்சான் காற்று காய்ந்து அடிக்கும். உலகமெல்லாம் பேர் போன ஊவாத் தேயிலையின் வாசம் அந்தக் காற்றில் வருவதுதான். பிறகு காற்று ஓயும். புரட்டாசி கடைசியில் மத்தியானத்துக்கு மேலே இடி இடிக்கும். முதல் மழை தகரத்தில் விழும். நவராத்திரி, தீபாவளி, கார்த்திகை விளக்கீடு என்று வரிசையாக நல்ல நாட்கள் வரும். நமக்கு இதுதான் பருவம் மாறும் காலம்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. தேயிலை வருவதற்கு முன்னால் இந்த மலைகளில் கோப்பிதான். கோப்பிப் பழம் பறிக்கும் காலம் வருஷத்தின் கடைசி மாதங்களை ஒட்டி வரும். அந்த வேலைக்காகத்தான் நம் முன்னோர்கள் கடல் தாண்டி, மன்னார்ப் பக்கம் கரையிறங்கி, காட்டு வழியே நடந்து மலையேறினார்கள். வழியிலேயே மாண்டவர்கள் எத்தனையோ பேர். பழம் பறித்து முடிந்ததும் பலர் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். 1869-இல் கோப்பிச் செடிக்கு இலைநோய் வந்து, அந்தத் தொழிலே அழிந்துபோனது. தேயிலை வந்தது. தேயிலைக்கு வருஷம் பூராவும் கொழுந்து எடுக்க ஆள் வேண்டும். அப்படித்தான் நாம் குடும்பத்தோடு இங்கேயே தங்கினோம். கோப்பி மலையைப் பற்றி நம் கிழவிமார் பாடுவது வெறும் கதை இல்லை. அது நாம் வந்த வழி.

இப்போது என் வீட்டுக் கதை ஒன்று. நான் லயத்தில் பிறந்து வளர்ந்தவன். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவில் ஏழு பேர் இருந்தோம். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே அம்மா இஸ்தோப்பைச் சாணி போட்டு மெழுகி, சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார். அப்பா பழைய பத்திரிகைத் தாளைக் கோதுமை மாப் பசையால் சுவரில் ஒட்டுவார். நான் எழுத்துக் கூட்டிப் படித்ததே அந்தச் சுவரில்தான். ஸ்டோரில் உடைந்த தேயிலைப் பெட்டி கிடைத்தால் எங்களுக்குப் பெரிய சந்தோஷம். பெட்டிக்குள் இருக்கும் ஈயத்தாளை வெட்டி நட்சத்திரம் செய்து கயிற்றில் கோப்போம். குப்பி லாம்பு வெளிச்சத்தில் அது மின்னும்போது எங்கள் காம்பராதான் துரை பங்களா.

மழை பிடித்துக்கொண்டால் அம்மாயி அடுப்படியில் உட்கார்ந்து பாட ஆரம்பிப்பார். தாலாட்டும் பாடுவார், கும்மியும் பாடுவார், கங்காணியைக் கேலி பண்ணுகிற பாட்டும் பாடுவார். அடுத்த காம்பரா அத்தை சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தே எதிர்ப்பாட்டுப் பாடுவார். அம்மாயி போய்ச் சேர்ந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. அந்தப் பாட்டுகளில் எனக்கு இன்றைக்கு முழுசாகத் தெரிந்தது மூன்றுதான். மற்றதெல்லாம் அவரோடு போய்விட்டது. எழுதி வைக்கவேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. பள்ளிக்கூடம் படித்த நானே அந்தத் தப்பைச் செய்தேன். நீங்கள் செய்யாதீர்கள்.

வட்டகொடை மடக்கும்புரத் தோட்டத்தில் 1914-இல் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை ஐயா கவிஞர். 1947-இல் பாராளுமன்றத்துக்கும் தெரிவானவர். அவ்வளவு பெரிய மனிதர், தோட்டத்து மக்களிடம் கேட்டுக் கேட்டுப் பாட்டுகளைத் திரட்டி, ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்று புத்தகமாகத் தந்தார். அவர் எழுதி வைத்தது தங்கிவிட்டது. யாரும் எழுதாதது அழிந்துவிட்டது. நம் கொஸ்லந்த மலைப் பாட்டை நம் பிள்ளைகள்தான் எழுதவேண்டும்.

அன்பானவர்களே, இந்த இடத்தில் ஒன்றை மறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. ஐப்பசி என்றால் நம் பகுதியில் சிரிப்பு மட்டும் வருவதில்லை. 2014-ஆம் ஆண்டு தீபாவளி முடிந்து ஒரு வாரம்தான். அக்டோபர் 29-ஆம் திகதி காலையில் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றவர்களும் இல்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி வந்தபோதும் நம் பதுளை மாவட்டத்தில் எத்தனையோ இடங்களில் மண் சரிந்து உயிர்கள் போயின.

“மழை வந்தாலே நெஞ்சு படபடங்குது சேர், இதுல என்ன பாட்டு, என்ன தோரணம்?” என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. இரண்டு நாள் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. யோசித்துப் பார்த்துச் சொல்கிறேன். பயத்தில் ஒவ்வொரு வீடும் கதவைச் சாத்திக்கொண்டு தனித்தனியாக இருந்தால் அது ஆபத்து. பெரிய ஸ்பீக்கரை அலற விட்டுக்கொண்டு இருந்தால் அதுவும் ஆபத்து. மழைச் சத்தமும் கேட்காது, மலைச் சத்தமும் கேட்காது, பக்கத்து லயத்தில் கூப்பிடும் குரலும் கேட்காது. வாயால் பாடுகிற வீட்டில் வெளிச்சத்தம் கேட்கும். சேர்ந்து பாடுகிற லயத்தில் யார் வந்திருக்கிறார், யாருக்குக் காய்ச்சல், எந்த வீட்டில் நடக்கமுடியாத பாட்டி இருக்கிறார் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். ஓடவேண்டிய நேரத்தில் அந்தப் பாட்டியை யார் தூக்குவது என்பதும் தெரியும்.

ஆகவே நான் உங்களிடம் கேட்பது ஐந்து காரியம்.

முதலாவது, அலங்காரத்தைக் கையால் செய்யுங்கள். தீபாவளி முற்பணம் இனாம் இல்லை. அது மாதா மாதம் சம்பளத்தில் வெட்டுப்படும் கடன். அந்தக் காசில் பிளாஸ்டிக் பூமாலையும் வாடகை லைட்டும் வேண்டாம். மாவிலை இருக்கிறது. கொஸ்லந்தப் பக்கம் கமுகும் வாழையும் இருக்கிறது. ரோட்டோரமெல்லாம் காட்டுச் சூரியகாந்தி மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிறது. சவுக்கு மரத்தடியில் காய்ந்த இலை விழுந்து கிடக்கிறது. அதன் அடிப்பக்கம் வெள்ளி மாதிரி இருக்கும், நூலில் கோத்தால் அழகான தோரணம். டர்பன்டைன் காயைக் கட்டித் தொங்கவிடலாம். பிஸ்கட், தேயிலைப் பைகளுக்குள் இருக்கும் வெள்ளித்தாளில் நட்சத்திரம் வெட்டலாம். கார்த்திகைக்குப் பச்சைப் பப்பாசிக் காயைப் பாதியாக வெட்டிக் குடைந்தால் அகல் விளக்குத் தயார். ஒன்று மட்டும் கவனம். விளக்கைத் தோரணத்துக்குக் கீழே வைக்காதீர்கள். லயத்துக் கூரை ஒன்றோடொன்று சேர்ந்தது. ஒரு காம்பராவில் பிடித்த தீ ஒரு காம்பராவோடு நிற்காது.

இரண்டாவது, வாரத்தில் ஒரு சாயங்காலம் டி.வி.யை நிறுத்துங்கள். ஒரு மணி நேரம் போதும். வயதான அம்மாமார் பாடட்டும். பிள்ளைகள் அப்பியாசக் கொப்பியில் எழுதட்டும். பாட்டின் அடியில் பாடியவர் பேர், எந்த வேலையில் பாடியது, யாரிடம் கற்றது, திகதி, இவ்வளவும் எழுதவேண்டும். போன் வைத்திருக்கிற தம்பிமார் குரலையும் பதிவு செய்துகொள்ளுங்கள். ஒப்பாரிப் பாட்டை வீட்டுக்குள் பாடக்கூடாது என்று சிலர் சொல்வார்கள். அப்படியானால் கோயில் மண்டபத்தில் வைத்துப் பாடுங்கள். 2014-இல் போனவர்களை நினைத்து அக்டோபர் 29 அன்று விளக்கேற்றும்போது பாடலாம். அழுவதும் ஒரு மரியாதைதான்.

மூன்றாவது, தப்பு. இதைக் கொஞ்சம் வெளிப்படையாகவே சொல்கிறேன். தப்படிப்பது இன்ன ஆட்களின் வேலை என்று ஒதுக்கி வைத்து, அதை அடித்தவர்களை வாசலோடு நிறுத்திய பாவம் நம்மிடமும் இருந்தது. அதனால்தான் அவர்களுடைய பிள்ளைகளே இன்று அதைத் தொட வெட்கப்படுகிறார்கள். காமன் கூத்துக்கும் பொன்னர் சங்கர் கூத்துக்கும் தப்பு வேண்டும், அடித்தவர் மட்டும் வேண்டாம் என்றால் அது என்ன நியாயம்? இந்த ஐப்பசியில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் அந்த அண்ணன்மாரிடம் போய், முறையாக வெற்றிலை பாக்கு வைத்துக் கற்றுக்கொள்ளட்டும்.

நான்காவதும் தப்போடு சேர்ந்ததுதான். பழைய காலத்தில் விடியற்காலையில் ஆட்களைப் பெரட்டுக்கு எழுப்பியதே தப்புச் சத்தம்தான். கல்யாணத்துக்கு ஒரு அடி, சாமிக்கு ஒரு அடி, சாவுக்கு ஒரு அடி என்று காது பழகியிருந்தது. டித்வா நேரத்தில் பல இடங்களில் கரண்டும் இல்லை, போனும் வேலை செய்யவில்லை. தப்புக்குக் கரண்ட் தேவையில்லை. ஆகவே லயத்துப் பெரியவர்கள் கூடி, “வெளியே வா” என்பதற்கு ஒரு தனி அடியை முடிவு செய்யுங்கள். அதை வேறு எதற்கும் அடிக்கக்கூடாது. மழைக் குளிரில் தோல் தொய்ந்து சத்தம் அடங்கிவிடும் என்பது அடித்தவர்களுக்குத் தெரியும். அதனால் தப்பை அடுப்புக்கு மேலே உலர்ந்த இடத்தில் தொங்கவிடுங்கள். கோயில் மணியும் கூட இருக்கட்டும்.

ஐந்தாவது, தோரணம் கட்டுகிற அன்றே பிள்ளைகள் மழை அளக்கும் போத்தல் ஒன்றும் செய்யட்டும். பக்கம் நேராக உள்ள பிளாஸ்டிக் போத்தலின் கழுத்தை வெட்டி, அதையே தலைகீழாக உள்ளே பொருத்துங்கள். அடி வளைந்திருக்கும். அதனால் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, பக்கம் நேராகிற இடத்தில் பூஜ்யம் என்று கோடு போட்டு, அங்கிருந்து அடிமட்டத்தால் மில்லிமீற்றர் குறியுங்கள். கூரையும் மரமும் இல்லாத வெளியில் வையுங்கள். தினமும் காலையில் ஒரே நேரத்தில் பார்த்து எழுதிவிட்டு, தண்ணீரைப் பழையபடி பூஜ்யக் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு இதுதான்: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பாக இருக்கவேண்டும், 100 தாண்டினால் புறப்படத் தயாராகவேண்டும், 150 தாண்டினால் வெளியேறவேண்டும். ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலும் வெளியேறவேண்டியதுதான். சுவரிலோ நிலத்திலோ புது வெடிப்பு, மரம் சாய்வது, இல்லாத இடத்தில் ஊற்று, ஓடைத் தண்ணீர் திடீரென்று கலங்குவது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் போத்தலைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். பிள்ளைகளோடு வெளியே வாருங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. அதைத் தோரணத்துக்குப் பக்கத்தில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

ஆபத்தான இடத்தில் இருக்கிறவர்களுக்குத் தோரணம் கட்டினால் போதும் என்று நான் சொல்லவரவில்லை. மீரியபெத்தை ஆபத்தான இடம் என்று 2005-லும் 2011-லும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. மக்கள் அங்கேயேதான் இருந்தார்கள். பத்திரமான நிலமும் வீடும் கேட்பது உங்கள் உரிமை. அதைக் கடிதமாக எழுதுங்கள், பிரதி வைத்துக்கொள்ளுங்கள், நானும் உங்களோடு வருவேன். அந்த வீடு கிடைக்கும் நாளிலும் பாட்டுக் கொப்பியை மறக்காமல் எடுத்துப்போங்கள். புது வீட்டில் பாடப் பாட்டு வேண்டுமே.

வாசலில் மாவிலை, அடுப்படியில் பாட்டு, அடுப்புக்கு மேலே தப்பு, வெளியில் மழைப் போத்தல். இந்த வருஷ ஐப்பசியை இப்படி வரவேற்போம். பிள்ளைகள் எழுதிய கொப்பிகளைக் கார்த்திகை விளக்கீட்டுக்கு முன்னால் பிள்ளை மடுவத்தில் கொண்டுவந்து கொடுங்கள். ஒவ்வொன்றையும் நானே உட்கார்ந்து வாசிப்பேன். என் அம்மாயி பாடிய பாட்டு யாராவது ஒருவருடைய கொப்பியில் இருக்காதா என்று எனக்கு ஒரு ஆசை.