சிம்கோ ஏரியில் கடைசி ஐஸ்

மார்ச் பிறந்துவிட்டது. பகலில் வெயில், இரவில் மறுபடியும் உறைபனி. ஜனவரிக் குளிரில் வீட்டுக் கதவைத் திறக்கவே யோசித்த எங்கள் ஆட்கள் பலர், இப்போது கதிரையையும் வாளியையும் காரில் ஏற்றிக்கொண்டு உறைந்த சிம்கோ ஏரியில் மீன்பிடிக்கக் கிளம்புகிறார்கள். ரொறன்ரோவில் இருந்து ஒரு மணித்தியால ஓட்டம். அவர்களைப் பிழை சொல்ல மாட்டேன். மீன் நன்றாகக் கடிக்கும் காலம் இதுதான்.

நடுக்குளிரில் ஐஸின் மேல் பனி மூடிக் கிடக்கும். வெளிச்சம் கீழே இறங்காது, நீர்ச்செடிகள் விடும் ஒட்சிசனும் குறையும். மீன் மந்தமாகிவிடும். மார்ச்சில் பனி உருகி ஓடைகளால் ஏரிக்குள் இறங்கும்போது புதுத் தண்ணீரோடு ஒட்சிசனும் வருகிறது. மஞ்சள் பேர்ச் முட்டையிடுவதற்கு முன்னால் ஆழத்தை விட்டுக் கரைப்பக்கம் திரும்பும். தெற்கே, ஹொலண்ட் ஆறு வந்து விழும் குக்ஸ் குடாவில் தூண்டில் போடுபவர்களுக்கு இது தெரியும்.

வில்லங்கமும் அங்கேதான் இருக்கிறது. பேர்ச் தேடி வரும் அதே ஆற்று வாயிலும் ஆழமில்லாத கரையிலும்தான் ஐஸ் முதலில் கெடுகிறது.

புதிதாக உறைந்த, கண்ணாடிபோலத் தெளிந்த ஐஸ் 4 அங்குலம் இருந்தால் ஒருவர் நடக்கலாம் என்பது மீன்பிடிகாரர் கணக்கு. கனடியச் செஞ்சிலுவைச் சங்கம் இன்னும் கறார்: 15 சென்ரிமீற்றர், அதாவது 6 அங்குலம். பனி கலந்து உறைந்த வெள்ளை ஐஸுக்குப் பாதிப் பலம்தான் உண்டு. ஆனால் இவை ஜனவரிக் கணக்குகள். மார்ச் வெயில் உள்ளே இறங்கி, ஐஸ் படிகங்களை ஒட்டிவைத்திருக்கும் பிடிப்பை உருக்கிவிடுகிறது. மெழுகுதிரிகளை நிமிர்த்தி நெருக்கமாக அடுக்கியதுபோல ஆகிவிடும். தடிப்பு ஒரு அடி இருக்கும். கால் வைத்தால் பொலபொலவென்று பிரியும். காலை 8 மணிக்கு உங்களைத் தாங்கிய இடம் பிற்பகல் 2 மணிக்குத் தாங்குமென்று எண்ண வேண்டாம்.

ஆகவே நான் அலவாங்கு இல்லாமல் இறங்குவதில்லை. ஊரில் வேலிக்குக் கிடங்கு கிண்டிய அதே சாமான்தான். முன்னால் ஓங்கிக் குத்திக் குத்தி நடக்க வேண்டும். நல்ல ஐஸ் 'டங்' என்று திருப்பி அடிக்கும். 'சொதக்' என்றால் வந்த தடத்திலேயே திரும்புங்கள்.

ஆற்று ஐஸில் நான் ஏறுவதே இல்லை. மேலே குளிர் எவ்வளவு உறைய வைத்தாலும் கீழே நீரோட்டம் அரித்துக்கொண்டே இருக்கும். இரண்டடி தள்ளினால் தடிப்பு மாறிவிடும். ஒரிலியாவுக்குப் பக்கத்தில் ஏரித் தண்ணீர் குறுகி வெளியேறும் நரோஸ் பகுதியும் அப்படித்தான்.

காற்றையும் பார்க்க வேண்டும். 2009 பெப்ரவரி 7இல் ஈரி ஏரியின் ஒஹாயோக் கரையில், கரையோடு ஒட்டியிருந்த ஐஸ் காற்றில் பிய்ந்து 130க்கும் மேற்பட்ட மீன்பிடிகாரரோடு மிதந்து போனது. ஹெலிகொப்ரர்கள் வந்து மீட்டன, ஒருவர் இறந்துபோனார். வெடிப்பு எதிர்பாராமல் வந்ததல்ல. முன்பே தெரிந்த வெடிப்பின் மேல் மரத்தட்டுகளைப் பாலமாகப் போட்டுக் கடந்து போனவர்கள் அவர்கள்!

தப்பித்தவறி விழுந்துவிட்டால்? மனிற்ரோபாப் பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ற், தானே உறைநீரில் இறங்கிச் சோதித்தவர், ஒரு கணக்குச் சொல்கிறார்: ஒன்று, பத்து, ஒன்று. முதல் ஒரு நிமிடம் மூச்சு திணறும். பதறாமல் அதை அடக்குங்கள். அடுத்த பத்து நிமிடம் கைகால் சொல்வழி கேட்கும். நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். ஆகவே அந்தப் பத்து நிமிடம்தான் உங்கள் கையில் இருப்பது. வந்த திசைக்கே திரும்புங்கள், அந்தப் பக்க ஐஸ்தான் உங்களைத் தாங்கியது. காலை உதைத்து, உடம்பைக் கிடையாக்கி, மேலேறுங்கள். ஏறியதும் எழும்பி நிற்காமல் உருண்டே வாருங்கள். வழுக்கும் ஐஸில் வெறுங்கை பிடிக்காது. இரண்டு மரப்பிடிகளில் ஆணி அடித்து, கயிறு கட்டி, ஐஸில் இறங்கும் முன்பே கழுத்தில் போட்டிருங்கள். கடையிலும் விற்கிறார்கள், விலை அதிகமில்லை. பக்கத்தில் நிற்பவர் ஓடிப்போய்க் கை கொடுக்கக் கூடாது. படுத்தபடி கயிறு எறிய வேண்டும், 911ஐ அழைக்க வேண்டும்.

சிம்கோவில் ஐஸின் மேல் வைத்திருக்கும் மீன்பிடிக் குடில்களை மார்ச் 15க்குள் அகற்றிவிட வேண்டும் என்பது சட்டம். ஐஸ் அதற்கு முன்னரே கெட்டுவிட்டால் அதற்கு முன்னரே. குளிர்காலம் முழுக்க அந்த ஏரியிலேயே பிழைக்கும் குடில்காரர்கள் மூட்டை கட்டுவதைக் கண்டால், நீங்களும் கதிரையைக் காரிலேயே விட்டுவிடுங்கள். பேர்ச் எங்கும் ஓடிவிடாது. ஐஸ் போனபின் ஜக்சன்ஸ் பொயின்ற் இறங்குதுறையில் நின்றே பிடிக்கலாம்.