மேடைப் பாட்டும் மதுரை மண்ணும்



பாண்டித்துரைத் தேவர் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவியது 1901-இல். அதே நகரில் 1918-இல் சங்கரதாஸ் சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தோற்றுவித்தார். முன்னதற்கு இலக்கிய வரலாற்று நூல்கள் தனி இயலே ஒதுக்குகின்றன. பின்னதற்கு ஒரு பத்தி கிடைத்தாலே பெரிது. பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் பயின்று, வெண்பாவையும் சந்த விருத்தத்தையும் ஆர்மோனியத்தோடு இணக்கியவர் கவிஞர் அல்லரோ? 'அபிமன்யு சுந்தரி'யை அவர் ஒரே இரவில் எழுதி முடித்ததாக, அச்சபையில் சிறுவராய்ச் சேர்ந்த டி.கே.சண்முகம் பதிவு செய்துள்ளார்.

ஆர்மோனியம் பார்சி நாடகக் குழுக்களின் வழியே தமிழ் மேடையில் வேரூன்றியது. ஊர் ஊராய்ச் சுற்றிய குழுக்களே வெகுமக்கள் இசையை வளர்த்தமை தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. இந்தோனேசியாவின் சுரபாயாவில் 1891-இல் எழுந்த 'கொமெடி ஸ்தம்புல்' குழுவின் பாட்டுகளும் பின்னர் அந்நாட்டுக் குரொஞ்சோங் இசையில் கலந்தன.

மதுரையில் இம்மேடைப் பாட்டு அரசியலாகவும் ஒலித்தது. மதுரகவி பாஸ்கரதாஸின் தேசியப் பாடல்களைத் திருமங்கலத்தில் வாழ்ந்த விசுவநாததாஸ் முருகன் வேடத்திலேயே பாடினார். பலமுறை சிறை சென்றார். 1940-இன் இறுதி நாளில் சென்னை மேடையில், அதே வேடத்தில் உயிர் நீத்தார். 1931-இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' படத்துக்குப் பாட்டெழுதியவரும் பாஸ்கரதாஸே. திரைப்பாட்டின் தாய்வீடு எதுவென இதனினும் தெளிவாகக் காட்டல் அரிது.

பால சபையில் ஒத்திகை கடுமையானது. ஸ்பெஷல் நாடகமோ அதற்கு நேர்மாறு. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என ஒவ்வொருவரையும் தனித்தனியே அமர்த்துவர். வெவ்வேறு ஊர்களிலிருந்து பேருந்தேறி வந்து அன்றிரவே மேடையில் சந்திப்பர். ஒத்திகை கிடையாது. 'வள்ளி திருமணம்' என்றால் கதையும் அடிப்படைப் பாட்டுகளும் அனைவர்க்கும் மனப்பாடம். ஆயினும் வள்ளிக்கும் நாரதருக்கும் நிகழும் தர்க்கத்தில் எவர் எப்போது மடக்குவார் என்பதை ஆர்மோனியக்காரரும் அறியார். அடி தவறினால் எள்ளி நகையாடவும், எதிரடி பொருந்தினால் கைதட்டவும் விடியும்வரை மண்ணில் அமர்ந்திருக்கும் கூட்டத்துக்குத் தெரியும். எந்தக் கவியரங்கத்துக்கு இத்தகைய அவை வாய்த்தது?

மேலூர், உசிலம்பட்டி வட்டாரத் திருவிழாக்களில் இந்நாடகம் இன்றும் நடைபெறுகிறது. நள்ளிரவுக்குப்பின் திரைமெட்டு கேட்போர் உண்டு; கலைஞரும் மறுப்பதில்லை, அம்மெட்டிலேயே வள்ளியின் விடையைப் பாடிவிடுகிறார். சுவாமிகளின் வரிகள் அச்சில் இருக்கின்றன. அவற்றின்மேல் இரவுதோறும் புதிதாய்க் கட்டப்படும் அவ்விடைகளை எழுதிவைப்போர்தாம் அரியர்.