கடற்கரை வீட்டுக்காரன் பிரேக் வாங்கிய கதை

(கோவளத்தில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னிடம் "ஏதாவது பசங்களுக்கு உபயோகமா பேசுப்பா, பழைய ஹாஸ்டல் கதை வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். ஹாஸ்டல் கதையை விட்டால் எனக்குத் தெரிந்தது வண்டி ஒன்றுதான். அதனால் பிரேக் பற்றிப் பேசப் போகிறேன். பேட், டிஸ்க் மாற்றும்போது எதைப் பார்த்து வாங்குவது என்பதுதான் விஷயம். முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஆட்டோமொபைல் பேப்பரில் நான் முதல் வகுப்பு. அப்படிப்பட்ட நான்தான் அறுநூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் என் அம்மாவின் முழங்காலை உடைக்கப் பார்த்தேன்.

என் வீடு இதே கோவளத்தில்தான், கடலிலிருந்து கூப்பிடு தூரம். வண்டி வெளியில்தான் நிற்கும். பேட் தேய்ந்துபோய் கீச்சுக் கீச்சு என்று சத்தம் வந்தது. அந்தச் சத்தம் வேண்டுமென்றே வைத்தது. பல பேடுகளில் ஒரு சின்ன எஃகுத் தகடு இருக்கும், பேட் தேய்ந்தவுடன் அது டிஸ்க்கில் உரசிச் சத்தம் போடும். நான் சென்னை போனபோது ஒரு கடையில் ஒரு செட் வாங்கினேன். பெட்டி பார்க்க லட்சணமாக இருந்தது. ஒரிஜினல் விலையில் பாதிக்கும் குறைவு. பேட் மாட்டிய மெக்கானிக் தம்பி, "சார், டிஸ்க்கும் ஓரம் கட்டியிருக்கு, ஸ்லைடு பின்னும் டைட்டா இருக்கு, ஒரேடியா பாத்துடலாமா?" என்று கேட்டான். "இப்போதைக்கு பேட் மட்டும் போடுப்பா" என்றேன். படித்தவன் சொன்னால் கேட்க வேண்டியதுதானே, அவனும் போட்டுவிட்டான்.

ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சென்னையிலிருந்து குடும்பத்தோடு திரும்பிக்கொண்டிருந்தேன். அம்மா முன் சீட்டில், மனைவியும் இரண்டு பிள்ளைகளும் பின்னால். ஈ.சி.ஆர். ஞாயிறு சாயங்காலம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வேகமாகப் போவதும் பிரேக் போடுவதுமாகவே வர வேண்டும். முட்டுக்காடு பாலம் தாண்டி வந்ததும் பின்னால் மீன் பெட்டி கட்டிய ஒரு மொபெட் குறுக்கே திரும்பியது. பிரேக்கை மிதித்தேன். பெடல் கல்லு மாதிரி இருக்கிறது, வண்டி நிற்கவில்லை. அதோடு ஒரு பக்கமாக இழுக்கிறது. கடைசியில் மொபெட்டுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. அம்மாவின் முழங்கால் டேஷ்போர்டில் போய் இடித்தது. மொபெட்காரர் இறங்கி வந்து என் முகத்தைப் பார்த்து, "என்னா சார், வண்டியில பிரேக் இல்லியா?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, விசாரிப்பது மாதிரி கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் சக்கரத்தைக் கழற்றினால், ஒரு பேடில் உராய்வுப் பொருள் அடித்தகட்டை விட்டு ஓரத்தில் பிளந்து நிற்கிறது. தகடு நன்றாகத் துரு ஏறியிருந்தது. துரு என்பது இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும் பொருள். தகட்டுக்கும் பசைக்கும் நடுவே அது ஊறும்போது பேடை மேலே நெம்பித் தள்ளும். மறு பக்கம் ஸ்லைடு பின் இறுகிப் போய், உள் பேடு மட்டும் தேய்ந்திருந்தது, வெளிப் பேடு புதுசு மாதிரி. வண்டி ஏன் இழுத்தது என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. தம்பி ஒன்றும் சொல்லவில்லை. பேடை என் கையில் கொடுத்தான், அவ்வளவுதான்.

மாணவர்களே, ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். ஆட்களோடு சேர்த்து 1200 கிலோ எடையுள்ள ஒரு கார் 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நின்றால், பிரேக் விழுங்க வேண்டிய சக்தி ஏறக்குறைய 3 லட்சம் ஜூல். நம் வீட்டுக் குழாய்த் தண்ணீர் ஒரு லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகும் சூடு அது. அடுப்பில் அஞ்சு நிமிஷம் ஆகிற வேலையைப் பிரேக் நாலைந்து செகண்டில் செய்கிறது, அதிலும் பெரும்பங்கை முன் சக்கரங்கள் இரண்டும் செய்கின்றன. 40 கிலோமீட்டர் வேகத்தில் கால் லிட்டர்தான். வேகம் இரட்டித்தால் சூடு நாலு மடங்கு. ஞாயிறு சாயங்காலம் திரும்பத் திரும்ப பிரேக் போட்டு வந்த எனக்கு, அந்த மட்டமான பேடு சூட்டில் பிடிப்பை விட்டுவிட்டது.

ஆகவே பேடு வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது, சூட்டில் இது எப்படிப் பிடிக்கும் என்பதுதான். பல பேடுகளின் விளிம்பில் இரண்டு ஆங்கில எழுத்து அச்சிட்டிருக்கும். முதல் எழுத்து சாதாரண சூட்டில் உள்ள உராய்வு, இரண்டாவது அதிக சூட்டில். 'ஈ' என்றால் 0.25 முதல் 0.35 வரை, 'எஃப்' என்றால் 0.35 முதல் 0.45 வரை, 'ஜி' என்றால் அதற்கு மேல் 0.55 வரை. இரண்டாவது எழுத்து முதல் எழுத்தைவிடக் கீழே இறங்கியிருந்தால் யோசியுங்கள். எழுத்தை வைத்து மட்டும் தரத்தை முடிவு கட்டவும் முடியாது. பேடு எவ்வளவு நாள் உழைக்கும், அடித்தகட்டில் எப்படி ஒட்டியிருக்கிறார்கள் என்பதை அந்த எழுத்து சொல்லாது.

அப்புறம் பொருள். ஆர்கானிக் வகை சத்தமில்லாமல் இருக்கும், டிஸ்க்கை அதிகம் தின்னாது. செமி மெட்டாலிக் சூடு தாங்கும். ஆனால் சத்தம் உண்டு, டிஸ்க்கும் சீக்கிரம் தேயும். செராமிக் தூசி குறைவு, விலை அதிகம். குடும்ப வண்டிக்கு, கம்பெனி எந்த வகை போட்டுக் கொடுத்ததோ அதே வகையை வாங்குங்கள் என்பதே என் கருத்து. பந்தயக்கார் மாதிரி ஓட்டை போட்ட டிஸ்க் எல்லாம் நமக்கு எதற்கு? நாங்கள் படித்த காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அது நுரையீரலுக்குக் கேடு. இப்போது ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறதா என்று பாருங்கள். எந்தப் பேடாக இருந்தாலும் பிரேக் தூசியைக் காற்றடித்து ஊத வேண்டாம், ஈரத் துணியால் துடையுங்கள்.

வேடிக்கை என்னவென்றால், இந்தச் சாமானுக்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதே இல்லை. 1962ல் பிரேக்ஸ் இந்தியா பாடியில்தான் தொடங்கியது. சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் அதே பாடிப் பக்கம், ரானே பிரேக் லைனிங் அம்பத்தூர். நாங்கள் மூன்றாம் ஆண்டில் பாடிக்குத் தொழிற்சாலை பார்க்கப் போனோம்; லைனிங்கை அடுப்பில் வேக வைப்பதைப் பார்த்துவிட்டு வந்து இட்லி வேகிறது என்று ரெக்கார்டு நோட்டில் எழுதி ஒருவன் திட்டு வாங்கினான். அவன் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறான். ஊரே பிரேக் செய்கிற ஊரில் இருந்துகொண்டு நான் போலிப் பெட்டியை வாங்கினேன். ஜி.பி. ரோட்டில் நல்ல கடைகள் நிறைய உண்டு. பில் தரும் கடையில், வண்டியின் பாகம் எண்ணைச் சொல்லி வாங்குங்கள். பில் இல்லாமல் தந்தால் குறையும் என்றால், ஏன் குறைகிறது என்று கேளுங்கள்.

இனி டிஸ்க். இது சாம்பல் நிற வார்ப்பிரும்பு. கடற்கரையில் ஒரு ராத்திரி நின்றாலே காலையில் காவிப் பூச்சு தெரியும். அதற்குப் பயப்பட வேண்டாம், நாலு தரம் பிரேக் போட்டால் போய்விடும். குழி குழியாக அரித்திருந்தால்தான் ஆபத்து. ஒவ்வொரு டிஸ்க்கிலும் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருப்பார்கள். என் வண்டியில் புதுசு 17 மில்லிமீட்டர், 15க்குக் கீழே போகக் கூடாது. வெர்னியரை நேராக வைத்தால் விளிம்பில் நிற்கும் துருக்கட்டில் உட்கார்ந்து அதிகமாகக் காட்டும். இரண்டு பக்கமும் ஒவ்வொரு நாணயம் வைத்து அளந்து, நாணயத்தின் தடிமனைக் கழித்துவிடுங்கள். மெக்கானிக் தம்பி எனக்குச் சொல்லிக் கொடுத்தது இது, புத்தகத்தில் நான் பார்த்ததில்லை. "லேத்ல குடுத்து ஸ்கிம் பண்ணிடலாம்" என்று யாராவது சொன்னால், ஸ்கிம் பண்ணிய பிறகு அந்த 15க்கு மேல் மிஞ்சுமா என்று பாருங்கள். மிஞ்சாவிட்டால் புதுசுதான். பேடோ டிஸ்க்கோ, இடது வலது இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

ஸ்லைடு பின்னைக் கழற்றித் துடைத்து, அதற்கென்று உள்ள சிலிக்கான் கிரீஸ் போடச் சொல்லுங்கள். சாதாரண கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதிப்போகும். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதிதில் 230 டிகிரிக்குக் கீழே கொதிக்கக் கூடாது என்பது விதி, ஈரம் ஏறினால் அந்த எல்லையே 155 ஆகிவிடுகிறது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். புதுப் பேடு போட்டதும் காலியான ரோட்டில் மிதமான வேகத்திலிருந்து, முழுதாக நிறுத்தாமல், பத்துத் தரம் மெதுவாகப் பிரேக் போட்டுப் பழக்குங்கள். ஏ.பி.எஸ். இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களில் அது இருக்கிறது, சரி. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்ப்பதுதான் அதன் வேலை, இல்லாத பிடிப்பை அது எங்கிருந்து கொண்டு வரும்?

இப்போது நல்ல பேடும் புது டிஸ்க்கும் போட்டாயிற்று. அந்த அறுநூறு ரூபாய் கடைசியில் எட்டாயிரத்துச் சொச்சம் ஆனது, அம்மாவின் எக்ஸ்ரே தனி. அம்மா இன்றும் முன் சீட்டில் ஏறினால் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, "பிரேக் பாத்தியாடா?" என்றுதான் கேட்கிறாள். மகன் இன்ஜினியர் என்ற பேச்சை மட்டும் எடுப்பதில்லை.

சாப்பாட்டுக்கு மணி ஆகிவிட்டது, செயலாளர் கையைக் காட்டுகிறார். ஒரு டார்ச்சும் வெர்னியரும் கொண்டு வந்திருக்கிறேன். சாப்பிட்டுவிட்டு வெளியே சவுக்குத் தோப்புப் பக்கம் வாருங்கள், நிற்கிற வண்டிகளில் டிஸ்க் பார்ப்போம். முதலில் தலைவர் வண்டி.