வரவுக்குத் தக்க தவணை



வெள்ளாமை பொய்த்த வருஷமும் கடன் தவணை குறையாமல் வந்து நிற்குமே, நாடுகளுக்கும் அப்படித்தான். தென் அமெரிக்காவில் பெரு நாடு, செம்பும் மீன்தூளும் விற்று டாலர் சேர்க்கணும். விலை விழுந்தது, வட்டி ஏறியது. 1985 ஜூலை 28-இல் பதவியேற்ற அதிபர் ஆலன் கார்சியா, ஏற்றுமதியில் 100 டாலர் வந்தால் 10 டாலர்தான் கடனுக்கு என்று அறிவித்துவிட்டார்.

கணக்கு நியாயம்தான். ஆனா, கடன் கொடுத்தவங்களிடம் பேசி முடிக்காமல் சொன்னது. 1986 ஆகஸ்டில் பன்னாட்டு நிதியம் புதுக்கடன் இல்லையென்று கைவிரித்தது. மிச்சம் பிடித்த டாலர் இறக்குமதியில் கரைந்தது. நோட்டு அடித்தே செலவு நடந்தது. 1990-இல் விலைவாசி ஒரே வருஷத்தில் 70 மடங்குக்கு மேல் ஏறிப்போச்சு.

நீங்களும் அறுவடை வரவுக்குத் தக்கபடி தவணை கேளுங்க. ஆனா, கையெழுத்துப் போடும் முன்னாலேயே பேசி, பத்திரத்தில் எழுதி வாங்கிக்குங்க.